சரி என்றது சடலம்

கன்ட்ரோல் ரூமில் போன் அடித்தது.

எடுக்க வேண்டியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காதில் ஹெட்போன். கை மேஜைமேல். கண் திறந்தபடி.

ஆனால் எடுக்கவில்லை...

செத்துப் போயிருந்தார்!

இரண்டு மணி ஷிப்டுக்கு வந்த சகலைதான் முதலில் பார்த்தார். அவர் போட்ட அலறலில், கடைசி ஷெட்டில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவன் ஸ்பானரைக் கால்மேல் போட்டுக்கொண்டு அவனும் சேர்ந்து அலறினான்.

செத்தவர் தலைமை டிஸ்பாட்ச்சர். நகரத்து பஸ்களையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆட்டி வைப்பவர். எதை நிறுத்துவது, எதைத் திருப்புவது, எதைப் பாதி வழியில் காலி பண்ணுவது, எல்லாம் அவர் வாயில். அந்த வாயில் முக்கால்வாசி நேரம் ஒரே வார்த்தைதான் வரும்.

"வேண்டாம்."

டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயரும் அதுதான். வேண்டாம் சார்.

அலறியவர் அவருக்கு அடுத்த டிஸ்பாட்ச்சர். வீட்டிலும் அவருக்கு அடுத்தவர்தான். இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். மாமனார் வீட்டிலேயே மாடியும் கீழுமாகக் குடித்தனம். அதனால் டிப்போ முழுக்க அவரைச் சகலை என்றே கூப்பிட்டது.

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். பின்னாலேயே ஒரு கான்ஸ்டபிள். மூச்சு வாங்கினார்.

இன்ஸ்பெக்டர் மேஜைமேல் இருந்த டீ கோப்பையை முகர்ந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"டீ வாசனையே சரியில்ல. ஏதோ கலந்திருக்கு."

சகலை ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் வேலைப் பை. ஒரு பக்கக் கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது.

"இந்தக் கதவு அட்டை தேய்ச்சாத்தான் திறக்கும், இல்லையா?"

"ஆமா மேடம்."

"காலைல பத்து மணிக்கு இந்தப் புது மெஷின் கம்பெனிக்காரர் வந்து கொஞ்ச நேரத்துல போயிட்டார். அப்புறம் ஈ காக்கா நுழையல. ரெண்டு மணிக்கு நீங்க."

"ஆமா."

"உங்க மேனேஜர் சொல்றார், ரெண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடிகூட உங்க மூத்த சகலை மெஷின்ல பட்டன் அமுக்கியிருக்காராம். அப்போ உயிரோட இருந்தார். நீங்க வந்தீங்க, போயிட்டார். டீயில கலந்து குடுத்தது நீங்கதான்."

சகலைக்கு முகம் வெளுத்தது. வீங்காத பக்கம் மட்டும்.

"நேரம் தப்பு மேடம்."

"என்னது?"

"மத்தியானம் சாகல. காலைலயே போயிட்டார். பத்து மணிக்குள்ள."

"காலைல நீங்க எங்க இருந்தீங்க?"

"பல் டாக்டர்கிட்ட. ஒன்பதுலேருந்து ஒரு மணி வரைக்கும். அங்க உக்காந்திருந்த அத்தனை பேரும் சாட்சி. வேணும்னா பல்லைக் காட்டறேன்."

பல் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் காட்டினார். கான்ஸ்டபிள் இரண்டடி தள்ளிப்போய் நின்றார்.

"பல்லு பேசாது. வேற ஏதாவது சொல்லுங்க."

"உடம்பைத் தொட்டுப் பாருங்க மேடம். விறைச்சுப் போச்சு."

"இந்த ஏசில நானே விறைச்சுப் போய்த்தான் நிக்கறேன். டாக்டர் ரிப்போர்ட் நாளைக்கு வரும். அதுவரைக்கும் ஸ்டேஷன்ல இருங்க. சாயங்காலம் உங்க வீட்டைச் சோதனை போடணும்."

"வீட்டையா?"

அந்த ஏசியிலும் சகலைக்கு வியர்த்தது. எழுந்தே விட்டார்.

"ஒரு நிமிஷம் மேடம். அந்த ஸ்கிரீனைப் பாருங்க. ஒரே ஒரு நிமிஷம்."

ஸ்கிரீனில் நகரத்து வரைபடம். அதில் எறும்புகளாக பஸ்கள் ஊர்ந்தன. ஓரத்தில் ஒரு கட்டம். ஒரு மாதமாக டிப்போவுக்கு வந்திருக்கும் புது மெஷினின் வாய் அதுதான். எந்த பஸ் பிந்துகிறது, எந்த நிறுத்தத்தில் கூட்டம் சேர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். இதை நிறுத்தலாமா, அதைத் திருப்பலாமா என்று யோசனை சொல்லும். கீழே இரண்டு பொத்தான். பச்சையில் 'சரி'. சிவப்பில் 'வேண்டாம்'.

யோசனை சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. முடிவு மனிதன் கையில்.

"இது போன வாரம். பாருங்க. எல்லாம் சிவப்பு. அதுக்கு முந்தின வாரம். சிவப்பு. மெஷின் என்ன சொன்னாலும் வேண்டாம்தான். இன்னைக்குக் காலைலயும் சிவப்பு. பத்து மணிக்கு மேல பாருங்க..."

இன்ஸ்பெக்டர் குனிந்தார்.

பச்சை. பச்சை. பச்சை. வயல் மாதிரி ஒரே பச்சை!

"மனசு மாறியிருக்கலாம்ல?"

"அவருக்கா? அவர் வாழ்க்கையில சரின்னு சொன்னது ஒரே தடவை, கல்யாணத்தப்போ. அதுவும் என் மாமனார் மூணு தடவை கேட்ட பிறகு."

அந்தச் சமயத்தில் கட்டம் மினுங்கியது. ஏழாம் நம்பர் பஸ்ஸின் முதுகை இடித்துக்கொண்டு இன்னொரு ஏழு வருகிறது, பின்னால் வருவதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டது.

மூவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நாலாவது ஆள் கையைத் தூக்கும் நிலையில் இல்லை.

பச்சைப் பொத்தான் தானாக அமுங்கியது...

சரி!

கான்ஸ்டபிள் இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"மேடம்... ஆவி."

"யோவ், ஆவியா இருந்தா வேண்டாம்னுல்ல சொல்லும். அந்தக் கம்பெனிக்காரனை இழுத்துட்டு வா."

கம்பெனிக்காரன் தூரத்தில் இல்லை. மேனேஜர் அறையில் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். வெயிலிலும் கோட்டுப் போடுகிறவன் என்பதால் டிப்போவில் அவன் பெயர் கோட்டு. உள்ளே வந்ததும் அவன் பார்வை பிணத்தின்மேல் படவில்லை. நேராக ஸ்கிரீனுக்குப் போனது.

இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார்.

"ஒரு மனுஷன் செத்துக் கிடக்கறான். உனக்கு அதிர்ச்சியே இல்லையேப்பா. முன்னாடியே பாத்துட்டியோ?"

கோட்டு சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. அழுகை வந்தது.

"நான் கொல்லல மேடம். சத்தியமா நான் கொல்லல."

"அப்போ எதைப் பண்ணின? அதைச் சொல்லு."

"இன்னைக்குச் சாயங்காலத்தோட மெஷினுக்கு டெஸ்ட் முடியுது. அது சொன்னதுல எத்தனைக்கு இவர் சரி சொன்னார்னு பாத்துத்தான் ஆபீசருங்க வாங்குவாங்க. இவர் ஒண்ணுக்குக்கூடச் சொல்லல. கெஞ்சிப் பாக்கலாம்னு பத்து மணிக்கு வந்தேன். கால்ல விழுந்தேன். பேசல."

"எப்படிப் பேசுவார்?"

"கோவமா இருக்கார்னுதான் மேடம் நெனச்சேன். ரொம்ப நேரம் கால்லயே கிடந்தேன். நிமிர்ந்து பாத்தா... கண்ணு சிமிட்டல."

"கத்தியிருக்கணும்ல?"

"வாயைத் திறந்தேன். அப்பத்தான் ஒரு யோசனை வந்துச்சு. இவர் இனிமே வேண்டாம்னு சொல்ல மாட்டாரே. எல்லாத்துக்கும் தானா சரி விழற மாதிரி மாத்தி வச்சுட்டுப் போயிட்டேன்."

"அடப்பாவி. பொணத்தைத் தலையாட்ட வச்சிருக்க."

"தப்புதான் மேடம். ஆனா ரிசல்ட்டைப் பாருங்க. இன்னைக்கு ஒரு பஸ்கூட லேட் இல்ல."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இவன் செத்த வீட்டில் வியாபாரம் பார்த்தவன். கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

சகலை பெருமூச்சு விட்டார். பெரிய மூச்சு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அப்போ அவர் பத்து மணிக்கு முன்னாடியே போயிட்டார்னு ஆயிடுச்சு. நான் கிளம்பலாமா மேடம்? வீட்ல ரெண்டு பேரும் அழுதுகிட்டிருப்பாங்க."

"உக்காருங்க."

சகலை உட்கார்ந்தார்.

"இந்தக் கோட்டுப் பயல் உள்ள வந்ததும் முதல்ல என்ன சொன்னான்?"

"கொல்லலன்னு..."

"அதான். நான் கேக்கறதுக்கு முன்னாடியே சொன்னான். நீதான் கொன்னன்னா எவனா இருந்தாலும் நான் இல்லைம்பான். கொன்னவன்கூட அதைத்தான் முதல்ல சொல்வான். உங்களை நேராவே சொன்னேன். டீயில கலந்தது நீங்கதான்னு. நீங்க என்ன சொன்னீங்க?"

சகலை தோளில் இருந்த பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"நேரம் தப்புன்னீங்க. இதுவரைக்கும் ஒரு தடவைகூட நான் கொல்லலன்னு சொல்லல. காலைல கொன்னதை மத்தியானம்னு போட்டா உங்களுக்குப் பொறுக்கல."



"...தொழில் பழக்கம் மேடம்," என்றார் சகலை, மெதுவாக. "நேரத்தைத் தப்பாக் காட்டினா உடனே திருத்திடுவோம்."

"கோப்பை இங்க இருக்கு. டீ நடந்தா வந்துது? அது வந்த ஃப்ளாஸ்க் எங்க? நான் வந்ததுலேருந்து அந்தப் பையை நீங்க கீழ வைக்கவே இல்ல. கான்ஸ்டபிள், பையைத் திற."

உள்ளே இரண்டு ஃப்ளாஸ்க் இருந்தன. ஒருவர் எதற்கு இரண்டு ஃப்ளாஸ்க் சுமக்க வேண்டும்?

சகலை எல்லாவற்றையும் சொன்னார். காலையில் மனைவியின் அக்கா தன் புருஷனுக்கு டீ போட்டு ஃப்ளாஸ்க்கை மாடிப்படியில் வைத்தது, திரும்பி வருவதற்குள் இவர் மருந்தைக் கலந்தது, பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்துகொண்டது, மத்தியானம் வந்து ஃப்ளாஸ்க்கை எடுத்துப் பையில் வைத்துவிட்டு அலறியது. மிச்ச மருந்து வீட்டுப் பரணில். அழகான திட்டம். கோட்டு மட்டும் பிணத்துக்கு உயிர் கொடுக்காமல் இருந்திருந்தால் பலித்திருக்கும்.

"எதுக்குய்யா? ஒரே வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு..."

"என் பொண்ணுக்கு வெளியூர் காலேஜ்ல இடம் கிடைச்சுது மேடம். எங்க வீட்ல எதுக்கும் மூத்த மாப்பிள்ளை தலையாட்டணும். வேண்டாம்னுட்டார். நேத்துதான் சேர்றதுக்குக் கடைசி நாள். ராத்திரி பூரா அவ அழுததை நான் கேட்டுகிட்டே படுத்திருந்தேன்."

இன்ஸ்பெக்டருக்கும் ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது.

"தனிக்குடித்தனம் போயிருக்கலாமே."

"அதையும் கேட்டேன் மேடம். வேண்டாம்னார்."

ஜீப்பில் இன்ஸ்பெக்டர் முன்னால் ஏறினார். பின்னால் சகலை, கோட்டு, காவலுக்கு வரவழைத்த இரண்டு போலீஸ்காரர்கள். கான்ஸ்டபிளின் தொப்பைக்கு இடமில்லை.

"நீ பஸ்ஸைப் பிடிச்சு வந்து சேருய்யா."

டிப்போ வாசலில் போய் நின்றார். நின்ற மாத்திரத்தில் பஸ் வந்தது. உட்கார இடமும் கிடைத்தது.

பக்கத்து சீட்டுக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அதிசயமா இருக்கு சார். இன்னைக்குப் பூரா பஸ் எல்லாம் சொன்ன நேரத்துக்கு வருது. கன்ட்ரோல் ரூம்ல புது ஆளா உக்காந்திருக்கார்?"

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"பழைய ஆள்தான். காலைலேருந்து உக்காந்த இடத்தை விட்டு எழுந்திரிக்கவே இல்ல."