குழாய்க்குள் ஏறும் நீர்

லியோன் மூச்சை இழுத்து முடித்த பிறகுதான் குழாய்க்குள் நீர் ஏறியது. தாதி குணலட்சுமி அதைக் கண்டாள். களைப்பில் கண் ஏமாற்றுகிறது என்று விட்டுவிட்டாள்.

நுரையீரலை மூடியிருக்கும் உறைக்குள் அவனுக்குச் சீழ் கட்டியிருந்தது. அந்த ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே பிலிம் வந்து எத்தனையோ மாதமாகிவிட்டது. டொக்டர் சோமசேகரம் நெஞ்சில் விரலால் தட்டித் தட்டி, சத்தம் மந்தமாகிற இடத்தைப் பிடித்து, வலது விலா எலும்புகளுக்கு நடுவே குழாயைச் செருகினார். மறுமுனை கட்டிலுக்குக் கீழே, நீர் விட்ட சேலைன் போத்தலுக்குள் அமிழ்ந்திருந்தது. மூச்சு இழுத்தால் குழாய்க்குள் நீர் ஏறும், விட்டால் இறங்கும். ஷெல் குண்டுகளுக்குப் பயந்து மற்ற நோயாளிகளெல்லாம் போய்விட்டார்கள். டொக்டரும் ஊசிமருந்து தேடி மத்தியானமே சைக்கிளில் பட்டணம் போனார். அவர் வரும்வரை இவனை உயிரோடு வைத்திருப்பது அவள் பொறுப்பு. அவளுக்கும் அரியாலையில் வீடிருந்தது, காத்திருக்கத்தான் ஆளில்லை.

"மிஸி, போயிடாதேங்கோ. தனியச் சாக ஏலாது."

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. நான் இஞ்சைதான் இருப்பன்."

அதன்பிறகு அவன் கதைக்கவில்லை. நித்திரை என்று நினைத்தாள். மழை தகரத்தில் இரைந்தது, டெற்றோல் மணமும் ஈரச்சுவர் மணமும் கலந்து வந்தன, மாலை இருட்டிக்கொண்டு வர ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்திக் கட்டிலடியில் வைத்தாள். போர்வையை விலக்கினால் குளிரில் இருமுவான் என்று அங்கே யாரும் நெஞ்சைப் பார்த்து மூச்சை எண்ணுவதில்லை. குழாயைப் பார்த்தே எண்ணுவார்கள். அவளும் மணிக்கொருதரம் எண்ணி அட்டையில் எழுதினாள். இருபத்தெட்டு. இருபத்திரண்டு. பதினெட்டு. தப்பிவிட்டான் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

போர்வையை இழுத்துவிடும்போது அவன் கால் அவள் கையில் பட்டது.

குளிர்ந்திருந்தது. முழங்கால் மடங்கவில்லை. தாடையும் இறுகிவிட்டது. இது இப்போது வந்த சாவில்லை. எத்தனையோ மணித்தியாலமாகிவிட்டது.

குனிந்து போத்தலைப் பார்த்தாள். நீர் ஏறியது. இறங்கியது. ஏறியது.

பதினெட்டு. அப்படியானால் இவ்வளவு நேரமும் யாருடைய மூச்சை எண்ணினாள்?

பயத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நீரும் வேகமாக ஏறி இறங்கியது. ஐயோ, கடவுளே. அவள் மூச்சைப் பிடித்தாள். நீர் பாதியில் நின்றது. விட்டாள். இறங்கியது.

ஓடத்தான் எழுந்தாள். இரண்டடி வைப்பதற்குள் வலது விலாவுக்குள் சுரீரென்று ஏதோ இழுத்தது. தடவிப் பார்த்தாள். காயமில்லை. கட்டிலருகே திரும்பி வந்து தரையில் இருந்தாள். வலி நின்றது.

இன்னொருமுறை, நிச்சயப்படுத்திக்கொள்ள, மூச்சைப் பிடித்தாள். நீர் நின்றது.

விடப் பார்த்தாள்.

வரவில்லை.

வாயைத் திறந்தாள். நெஞ்சு அசையவில்லை. காது இரைந்தது. அப்போது குழாய்க்குள் நீர் தானாக ஒரு விரலளவு ஏறியது. அவளுக்குள் கொஞ்சம் காற்று வந்தது. அவ்வளவுதான். மறுபடி நின்றது.

வாசலில் சைக்கிள் நிறுத்தும் சத்தம் கேட்டது.

"மிஸி, ஆள் எப்பிடி?"

கூப்பிட அவளிடம் மூச்சில்லை. முகத்தைத் தரையோடு வைத்து, ஏறு, ஏறு என்று கெஞ்சியபடி போத்தலையே பார்த்தாள்.

நீர் அசையவில்லை.