மூன்றாவது விசை

துணை இயக்குநரின் மேஜைத் தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருந்தது...

எடுக்க வேண்டியவர் மேஜைக்கு அடியில் கிடந்தார்.

கழுத்தில் ஒரு கிழிசல். கம்பளம் முழுவதும் ரத்தம்.

அவரைக் கொன்ற தலைமைப் பொறியாளர் அதே கத்தியுடன் பக்கத்து சர்வர் அறைக்குள் நுழைந்தார். மதிய உணவு இடைவேளை. அங்கே ஆபரேட்டர் பெண் மட்டுமே இருந்தாள்.

"கத்தாதம்மா. கத்தினா அவனுக்குப் பக்கத்துலயே படுக்க வெச்சிருவேன்."

"யாருக்குப் பக்கத்துல சார்?"

"துணை இயக்குநருக்கு. எனக்கு முப்பது வருஷ சர்வீஸ். என் சோத்துல மண்ணள்ளிப் போடப் பார்த்தான். அவன் ரூம் கேமரா பதிவு உன் சிஸ்டத்துலதானே இருக்கு? அழி."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அழித்த மறுநிமிடம் அவளும் பிணம்.

"அழிக்கறேன் சார்..."

அவர் இரும்பு அலமாரியை இழுத்துக் கதவை அடைக்கத் தொடங்கினார். அரை நிமிடம் அவருடைய முதுகுதான் அவள் பக்கம் இருந்தது.

அது பழைய யூனிக்ஸ் டெர்மினல். அங்கே ஓடும் வேலையை நிறுத்தச் சில விசைகள் உண்டு. அவற்றின் உயிர் எஸ்.டி.டி.ஒய் என்னும் கட்டளையின் கையில். அவள் அதைத் தட்டி, அந்த விசைகள் அனைத்தையும் ஊமையாக்கினாள்.

அடுத்து ஒரே ஒரு வரி. என்டர்.

அவர் திரும்பினார். திரையைப் பார்த்தார்.

'காவல் நிலையத்துக்குப் பதிவு அனுப்பப்படும்... 60... 59... 58...'

அவளுடைய தலைமுடியைப் பற்றி முகத்தை மேஜை விளிம்பில் மோதினார். உதடு கிழிந்தது. ஒரு பல் விசைப்பலகையின் மேல் தெறித்தது.

"நிறுத்துடி."

"நீங்களே நிறுத்துங்க சார். உங்களுக்குத் தெரியாததா?"

வலது கையால் கத்தியை அவள் தொண்டையில் வைத்தபடி, இடது கையால் கன்ட்ரோலையும் சி-யையும் அழுத்தினார்.

நிற்கவில்லை. 41...

கன்ட்ரோலும் இசட்டும்.

நிற்கவில்லை. 33...

"என்னடி செஞ்சே?"

"நல்லா அழுத்துங்க சார். வயசாயிடுச்சு போல."

கத்தி முனை தோலைக் கீறி இறங்கியது. ரத்தம் கழுத்துப் பட்டையை நனைத்தது.

முதல் இரண்டும் கைவிட்டால், டெர்மினலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் மூன்றாவதற்குத் தாவுவார்கள். இடக்கோடியில் கன்ட்ரோல், வலக்கோடியில் பின்சாய்கோடு. ஒரு கைக்கு எட்டாத தூரம்.

முப்பது வருடப் பழக்கம் மூளையை முந்தியது.

அவர் கத்தியை மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் அழுத்தினார்...

அவள் கத்தியை எடுத்தாள்.

அவருடைய வலது புறங்கையில் இறக்கினாள். உள்ளங்கையைத் துளைத்து, மேஜைப் பலகையில் இறங்கி நின்றது கத்தி.

அவர் அலறியபடி இடது கையால் அதைப் பிடுங்க முயன்றார். அவள் தீயணைப்பு உருளையைத் தூக்கி அந்த முழங்கையில் ஒரு போடு போட்டாள். எலும்பு நொறுங்கும் ஓசை தெளிவாகக் கேட்டது.

2... 1... 0.

"அனுப்பிட்டியா?" என்று முனகினார்.

"எதை சார்? அது சும்மா அறுபதுலேர்ந்து பூஜ்யம் வரைக்கும் எண்ணுற வரி."

"அப்போ... பதிவு?"

"பதிவே கிடையாது சார். அந்த ரூம் கேமரா செத்து மூணு வாரம் ஆகுது. நீங்க பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தா ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரிஞ்சிருக்காது."

"அடிப்பாவி... என்கிட்ட ஏன் யாரும் சொல்லலை?"

அவள் வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு, காவல் நிலையத்தை அழைக்கத் தொலைபேசியை எடுத்தாள்.

"ரிப்பேர் ஃபைல் உங்க டேபிள்லதான் சார் தூங்குது. கையெழுத்துக்கு மூணு தடவை ஞாபகப்படுத்தினேன். இப்ப ஒண்ணும் அவசரமில்லை... கை ஆறினதும் போடுங்க."