சிவப்புப் புள்ளியைப் பாருங்க, அத்தை!

போன் அலறியது.

வீட்டோடு இருந்த லேசர் கிளினிக்கில் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை எடுத்துக் காதில் வைத்தான்.

"சர்ஜன் பேசறேன். உங்க மாமியார் காலைப் பார்த்தேன். ரெண்டு விரலை எடுத்த இடம் ஆறவே மாட்டேங்குது. ஓரமெல்லாம் கறுக்க ஆரம்பிச்சிடுச்சு."

"அப்படியா டாக்டர்...?" குரலில் ஒரு நடுக்கத்தை வரவழைத்துக்கொண்டான்.

"சுகர் இருக்கறவங்களுக்கு மெதுவாத்தான் ஆறும். ஆனா நீங்க லேசரும் குடுத்துட்டு வர்றீங்க. அப்படியும் கொஞ்சம்கூட மூடலைன்னா... இன்னும் ஒரு வாரம் பார்ப்போம். இல்லேன்னா முழங்காலுக்குக் கீழே எடுத்துடணும். அதை அவங்க உடம்பு தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

"ஐயோ! அத்தை எனக்குத் தாய் மாதிரி டாக்டர்!"

போனை வைத்தான். வாய்விட்டுச் சிரித்தான்.

தாயாம்!

மாமியாருக்கு ஒரு தையல் ஃபேக்டரி இருந்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'ஊசி'. குத்தாமல் பேச வராது. மாப்பிள்ளைக்கு இந்த லேசர் மெஷினை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். "வேலையில்லாத மாப்பிள்ளைன்னு நாலு பேர் பேசக் கூடாது பாருங்க!" என்று நாலு பேர் முன்னாலேயே சொல்லிக் கொடுத்தாள். அன்று அவனும் சேர்ந்து சிரித்தான். உள்ளுக்குள் கருவிக்கொண்டான்.

இப்போது அவள் கால் அவன் கையில்!

விஷம் வேண்டாம். கத்தி வேண்டாம். புண்ணை ஆற விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மீதியைச் சர்க்கரை பார்த்துக்கொள்ளும்.

அந்த மெஷினில் இரண்டு சமாச்சாரம் உண்டு. ஒன்று, சிவப்புப் புள்ளி. எந்த இடத்தில் லேசர் விழப் போகிறது என்று காட்டுகிற வெறும் வெளிச்சம். இன்னொன்று, புண்ணுக்குள் இறங்கி ஆற்றுகிற கதிர். அது கண்ணுக்கே தெரியாது. தரையில் கிடக்கும் பெடலை மிதித்தால்தான் வரும்.

அவன் மிதிப்பதே இல்லை!

மிதித்தால் மெஷின் 'பீப் பீப்' என்று கத்தும். கத்தவில்லையே என்று அத்தை கேட்டுவிட்டால்? முதல் நாளே சத்தத்தை அணைத்துவிட்டான். "உங்களுக்குத் தலைவலி வரும், அத்தை" என்றான்.

என்ன கரிசனம்!

மனைவி உள்ளே வந்தாள். அவளுக்கும் எல்லாம் தெரியும். அம்மாவின் ஃபேக்டரி மேல் அவளுக்கும் ஒரு கண்.

"சர்ஜன் என்ன சொன்னாருங்க?"

"ஒரு வாரம்! அப்புறம் கால். அதுக்கப்புறம் ஆளே காலி!"

அவள் முகம் வாடிக் கிடந்தது. கையில் ஒரு கவர்.

"எனக்கு ரிசல்ட் வந்துடுச்சு. எனக்கும் சுகராம்."

"பார்றா! உங்கம்மா சொத்து இப்பவே வந்து சேர ஆரம்பிச்சிடுச்சு!"

அவள் சிரிக்கவில்லை.

"விளையாடாதீங்க. நாளைக்கு எனக்கு ஒரு ஆபரேஷன்னு ஆகி... புண்ணு ஆறலைன்னா?"

"நான் எதுக்கு இருக்கேன்? என் கையாலயே லேசர் வெச்சு விடறேன்!"

கண்ணடித்தான். அவள் ஒரு நிமிஷம் அவனையே பார்த்தாள். பிறகு அம்மா இருந்த அறைக்குப் போனாள்.

பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

சாயங்காலம்.

சாய்வு நாற்காலியில் மாமியார். இடது கால் ஸ்டூல் மேல், கட்டுப் பிரித்து, ஈரம் கசிந்துகொண்டிருந்தது. வலது கால் தரையில். கண்ணில் பச்சைப் பாதுகாப்புக் கண்ணாடி.

தரை பளபளவென்று துடைத்திருந்தது. துடைக்கும்போது பெடலையும் நகர்த்தியிருந்தாள் மனைவி. அது நாற்காலி ஓரமாகக் கிடந்தது. அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை. மிதிக்கிறவனுக்குத்தானே பெடல் எங்கே என்ற கவலை!

"ஆரம்பிக்கலாமா, அத்தை?"

"உங்க கண்ணாடி எங்க மாப்பிள்ளை? எனக்கு மட்டும் மாட்டி விடறீங்க..."

"எனக்கு வேண்டாம் அத்தை. பழகிப்போச்சு."

"மெஷின் கம்பெனிக்காரர் வந்தப்போ நானும் கூடத்தானே இருந்தேன்? கண்ணாடி இல்லாம கிட்டயே போகாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!"

"அவங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க."

"போட்டுக்கோங்களேன்... எனக்காக!"

"அட, சும்மா இருங்க அத்தை!"

மெஷினைத் தயார் செய்தான். கைப்பிடியின் முனையிலிருந்து கிளம்பிய சிவப்புப் புள்ளி புண்ணின் மேல் மேய்ந்தது.

"சிவப்புப் புள்ளியைப் பாருங்க, அத்தை! அது போற இடமெல்லாம் சதை வளருது."

காதில் பூ சுற்றுவதில் அவன் கெட்டிக்காரன்.

மாமியார் குனிந்து பார்த்தாள்.

"மாப்பிள்ளை... இன்னிக்குப் புள்ளி மங்கலா இருக்கே?"

"அப்படியா?"

"முனையில தூசி ஏதாச்சும் அடைச்சிருக்கான்னு பாருங்க."

புள்ளி போனால் நாடகமே போச்சு! கைப்பிடியைத் திருப்பி, வலது கண்ணுக்கு நேராக வைத்து உற்றுப் பார்த்தான். ஒரு தூசியும் இல்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

திடீரென்று புள்ளி காணாமல் போனது. அந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம்.

வலது கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று கசக்கிக்கொண்டு, இடது கண்ணில் வைத்துப் பார்த்தான்.

அதிலும் கறுப்பு!

வலி இல்லை. ஒரு பொட்டு வலிகூட இல்லை. சர்க்கரைக்காரியின் காலைப் போலவே.

தலையை நிமிர்த்தினான். மாமியாரின் உடம்பு இருந்தது, நாற்காலி இருந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை!

"ஆ...! என் கண்ணு! அத்தை! கண்ணு தெரியலை!"

"தெரியாது, மாப்பிள்ளை. பெடல் என் காலடியிலதான் இருக்கு."

மெஷினின் விசிறி மட்டும் 'உஸ்ஸ்' என்று ஓடிக்கொண்டிருந்தது. கத்த வேண்டிய மெஷின் கத்தவில்லை. அவன்தானே அதன் வாயை அடைத்திருந்தான்!

"என்னடி பண்ணினே... கிழவீ...!"

"மரியாதை, மரியாதை! சுகர் காலுக்குச் சூடு தெரியாதுங்கற தைரியத்துலதானே இருந்தீங்க? கைக்குத் தெரியுமே! ஒரு நாள் நீங்க அந்தப் பக்கம் திரும்பினப்போ வெளிச்சத்துல கையை நீட்டிப் பார்த்தேன். சூடே இல்லை. ஜில்லுன்னு இருந்துச்சு."

"உன்னைப் போலீஸ்ல..."

"தாராளமா! லேசர் முனையை வெறுங்கண்ணால ஏன் பார்த்தீங்கன்னு கேப்பாங்க. கதிர் வராதுன்னு எனக்குத் தெரியும், நான்தான் குடுக்கறதே இல்லையேன்னு சொல்லுவீங்களா? ஒழுங்கா வைத்தியம் பார்க்கறவன் அதைக் கண்ணுக்கு நேரா பிடிப்பானா, மாப்பிள்ளை?"

அவன் கைப்பிடியைக் கீழே போட்டான். சுவரைத் தடவிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினான்.

"ஏய்! எங்கடி இருக்கே? ஓடி வா! கண் டாக்டரைக் கூப்பிடு!"

"இங்கதான் இருக்கேன்."

வாசலில் மனைவியின் குரல். நேராகப் பார்த்தால் ஓட்டை. தலையைச் சாய்த்துக் கண்ணோரத்தால் பார்த்தான். அவளும் பச்சைக் கண்ணாடி போட்டிருந்தாள்!

"நீயுமா...?"

"என் கையாலயே லேசர் வெச்சு விடறேன்னீங்களே... அப்பவே முடிவு பண்ணிட்டேன். அம்மாவுக்கு வெச்ச லேசரைத்தானே எனக்கும் வெப்பீங்க?"

மாமியார் மெதுவாகக் காலைப் பெடலிலிருந்து எடுத்தாள்.

"என் பொண்ணு வந்து எல்லாத்தையும் சொல்லி அழுதா. அவளையும் நான் மன்னிக்கலை. அவ கணக்கு தனி. வண்டியை எடுடி, வேற ஆஸ்பத்திரியில போய் இந்தக் காலைக் காட்டுவோம். ஆறினா ஆறட்டும், போனா போகட்டும். ஆயுசு பூரா தையல் மெஷின் மிதிச்ச கால் இன்னொண்ணு என்கிட்ட இருக்கு. இப்ப பார்த்தீங்கள்ல, அது ஒண்ணே போதும்!"

"அத்தை... என்னை விட்டுட்டுப் போகாதீங்க... அத்தை...!"

அவன் கையால் துழாவினான். ஸ்டூல் உருண்டது. பஞ்சு டப்பா கவிழ்ந்தது.

மகள் தோளைப் பிடித்து எழுந்த ஊசி, வாசல் வரை நொண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"கண்ணாடி போடுங்க, போடுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா? இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை, மாப்பிள்ளை. நல்லதா ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கோங்க... உங்க முகவெட்டுக்கு எடுப்பா இருக்கும்!"