இழுத்துப் பார்க்காத பூட்டு

மான்கள் மேயவில்லை. சாயங்கால மழை விட்டதும் தீவனத்தொட்டியை முட்டி மோதிக்கொண்டு சூழ்கிற மந்தை, வேலியின் ஒரே மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, காதைக்கூட அசைக்காமல் நின்றது. குரங்குக் கூண்டிலும் மூச்சுப்பேச்சில்லை. தினமும் புலிக்கூண்டைக் கழுவிக் கழுவி அவள் மூக்குக்குப் பழகிப்போன அந்தக் காரமான மூத்திர நெடி, இருக்கவே கூடாத இடத்தில், நடைபாதை ஓரத்துச் செடி வரிசையிலிருந்து ஈர மண்வாசனையோடு கலந்து வந்தது.

புலிக்கூண்டுக்கு ஓடினாள். வெளிக்கதவின் பூட்டு வாய் பிளந்து தரையில் கிடந்தது. கதவு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பூட்டிவிட்டு "போட்டாச்சு" என்று கத்தினால், இன்னொருவர் போய் இழுத்துப் பார்த்துவிட்டு "பாத்தாச்சு" என்று சொல்ல வேண்டும். போகப் போக, கால் போவது நின்று பதில் மட்டும் போய்க்கொண்டிருந்தது. இன்று கத்தியவர் கூட வேலை பார்க்கும் மீசைக்கார அண்ணன். டீ டம்ளரோடு உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னவள் அவள். மேனேஜருக்கும் இதெல்லாம் தெரியும். கண்டும் காணாமல் இருந்தார்.

மாடி அறையிலிருந்த அவருக்கு வாக்கிடாக்கியில் விஷயத்தைச் சொன்னாள்.

"எவன் பூட்டல? மொதல்ல அதச் சொல்லு. சைரன் கியிரன் போட்டு மானத்த வாங்காத!"

"அண்ணன் பூட்டல, நான் பாக்கல, நீங்க கேக்கல. எல்லாரும்தான் சார். வேலைய விட்டுத் தூக்கணும்னா காலைல தூக்குங்க. இப்ப ஜனங்க உசுரோட இருக்கணும்."

சைரன் அலறியது. மழைக்காக கேட்டருகே ஒதுங்கியிருந்த கூட்டத்தை, குழந்தை குட்டிகளோடு, அவளும் அண்ணனும் டிக்கெட் கூடத்துக்குள் தள்ளினார்கள்.

"நானே வந்து நிறுத்தறேன் பாரு!" என்று மேனேஜர் கத்தினார். அவர் வர வேண்டியது அந்தச் செடி வரிசையை ஒட்டித்தான்.

"சார், இறங்காதீங்க!"

வாக்கிடாக்கியில் அவர் மாடிப்படி இறங்கும் சத்தம்தான் கேட்டது.

கடைசி ஆளும் உள்ளே வந்ததும் சைரனை அணைத்தாள். அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"முழுசா இறக்கிடலாம்மா."

"அவரு வெளிய இருக்காருண்ணே. என்னதான் திட்டினாலும் நம்ம ஆளு."

ஷட்டரைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை. வெளியே இருட்டிவிட்டது. இலைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வாக்கிடாக்கியின் பொத்தானை அழுத்தினாள்.

"சார், வாங்க. கதவு தொறந்துதான் இருக்கு."

செடிகளுக்கு அப்பாலிருந்து அவள் குரலே கரகரவென்று கேட்டது. கதவு தொறந்துதான் இருக்கு.

மேனேஜரின் வாக்கிடாக்கி. பக்கத்தில்தான் இருக்கிறார்!

"சார்?"

சார்? இன்னும் கிட்டே. காலடிச் சத்தம் இல்லை.

மேனேஜர் நல்ல உயரம். குரல் வந்ததோ முழங்கால் உயரத்திலிருந்து.

"இறக்குங்கண்ணே!"

ஷட்டர் தடாலென்று விழுந்தது. அண்ணன் பூட்டினார். அவள் இழுத்துப் பார்த்தாள். பின்னால் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அவளுக்குப் பயத்தைத் தாண்டி ஆத்திரம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

"உள்ள வர முடியாது. போ."

தகரத்துக்கு அந்தப் பக்கம், பல்லில் பிளாஸ்டிக் நெரிய, எச்சில் நுரைக்கும் சத்தத்துக்கு நடுவே, அவள் குரல் சொன்னது.

உள்ள வர முடியாது. போ.

அவள் தோளை முட்டுக்கொடுத்து நின்றாள். முழங்காலுக்கு நேராக ஷட்டர் மெல்ல, மெல்ல, உள்பக்கமாகப் புடைத்தது.