ஜோடி இல்லாத மிருகம்

பெட்டி மூடவில்லை.

மூடி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போய் 'டக்' என்று உட்காரும் பெட்டி அது. அப்பா அளவெடுத்துச் செய்ததால் உள்ளே ஒரு மயிரிழை கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. யானை ஜோடி, சிங்க ஜோடி, ஆட்டு ஜோடி, புறா ஜோடி என்று ஒவ்வொன்றாக மெல்லிய காகிதத்தில் சுற்றி, அதனதன் குழியில் படுக்கவைத்து மூடியைத் தள்ளினால் வேலை முடிந்தது. சின்னவள் அதைக் கண்ணை மூடிக்கொண்டே செய்வாள். அன்றைக்கு மதியம் மூடி பாதியிலேயே நின்றது. இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தாள். உள்ளே ஏதோ இடித்தது.

காகிதங்களை விலக்கினாள். ஒட்டகங்களுக்கு அடியில், சுற்றப்படாமல், சாயம் காணாமல், வெறும் மரமாக ஒரு மிருகம் கிடந்தது.

அதற்கு ஜோடி இல்லை.

அந்த வீட்டில் பேழை செய்து விற்றார்கள். உலகமே வெள்ளத்தில் முங்கியபோது மிருகங்களை ஜோடி ஜோடியாக ஏற்றிக்கொண்டு மிதந்ததே, அந்தப் பேழை. பிள்ளைகள் விளையாட மரத்தில் சின்னதாக. சபைக்காரர்கள் பிறந்த குழந்தைக்குப் பரிசு என்றால் யோசிக்காமல் இதைத்தான் வாங்குவார்கள். வீட்டின் பின்பக்கத்து நீள அறைதான் பட்டறை. தகர அச்சை வைத்துக் கோடு போட்டு அறுப்பது அப்பா. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அம்மா. கத்தியால் திருத்திச் சாயம் பூசுவது சின்னவள். பெரியவள் இருந்தவரை வார்னிஷ் அவள் பொறுப்பு. சபைக்கு வெளியே ஒருவனைக் கட்டிக்கொண்டு போனபிறகு வார்னிஷும் சின்னவள் தலையில் விழுந்தது. பெரியவளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வார்னிஷைப் பற்றி மட்டும் பேசுவார்கள்.

அச்சில் இல்லாத எதையும் வெட்டக் கூடாது. கண்ணுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். வாய் வைக்கவே கூடாது. படைப்பது ஆண்டவர் வேலை, நாம் எண்ணி ஏற்றுகிறவர்கள் என்பார் அப்பா. அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. பிள்ளைகளை அடித்துத் திட்டுகிற அப்பாக்களைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் சின்னவளுக்கு அந்தப் பிள்ளைகள் மேல் பொறாமை வரும். திட்டு வாங்கினால் அதோடு முடிந்தது.

போன மழைக்காலத்தில் அவள் ஒரு துண்டு மரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா சீவப்போய், எந்த மிருகத்தோடும் சேராத ஒரு மிருகம் வந்துவிட்டது. நீளமான கால், மடிப்பு மடிப்பான முதுகு. சிரிப்பு வந்தது அவளுக்கு. வயது இருபதைத் தாண்டியும் மனம்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்றுகூடத் தோன்றியது. அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆண்டவர் இதை மறந்துட்டாருன்னு நினைச்சியாம்மா?"

அடுப்பில் அவளே போட வேண்டியிருந்தது. அதன்பிறகு மழை விடும்வரை வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை. அம்மா தட்டை வைப்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கடைசியில் அப்பா "உப்பை எடு" என்று சொன்னபோது சின்னவள் அழுதேவிட்டாள். ஒரு சொல்லுக்காக அப்படி அழுததை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேலேயே கசப்பு வரும்.

இப்போது பெட்டியில் கிடந்தது அவள் எரித்ததில்லை. ஆனால் அதற்குச் சொந்தம்போல இருந்தது. அதே நீளக் கால்கள். முட்டி மட்டும் பின்பக்கமாக மடிந்திருந்தது. விலா எலும்புகள் தோலைத் தள்ளிக்கொண்டு தெரிந்தன. முகம் தட்டையாக, தூங்குகிற மனுஷ முகம்போல. வாய் லேசாகத் திறந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே பல் வைத்து வெட்டியிருந்தது.

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வயிற்றெரிச்சல். அவள் கைக்கு எட்டாத வேலை அது.

யாரும் பார்ப்பதற்குள் அதை அடுப்பில் போட்டாள். நெருப்பு அதைப் பிடிக்க யோசித்தது. பிடித்தபின் மரம் எரிகிற வாசனை வரவில்லை. தலைமுடி கருகுகிற நாற்றம் வந்தது. வராந்தாவிலிருந்து அம்மா எட்டிப்பார்த்து என்ன கருகுகிறது என்று கேட்டாள். ஒன்றுமில்லை, பழைய துணி என்றாள் சின்னவள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனாள்.

அடுத்தது உலர்த்தும் பலகையில் இருந்தது. சாயம் காய வரிசையாக நிறுத்தியிருந்த ஆடுகள் எல்லாம் விளிம்புக்கு ஒதுங்கிக் கிடக்க, நடுவில் அது மட்டும் நின்றது. முன்னதைவிடப் பெரிது, இரண்டு கையால் எடுக்க வேண்டியிருந்தது. சீவிய இடங்கள் ஈரமாக இருந்தன, பச்சை மரம்போல. அந்தப் பட்டறையில் பச்சை மரம் வாங்குவதே கிடையாது. அதையும் எரித்தாள். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சாப்பிடும்போது விரலிலிருந்து அந்த முடி நாற்றம் வந்துகொண்டேயிருந்தது.

தன் கைதான் தன்னை அறியாமல் செய்கிறதோ என்ற சந்தேகமும் அவளைப் பிடித்தது. படுக்கப்போகுமுன் கத்தியை அம்மாவின் தையல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னாள். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விடிந்ததும் கத்தி பூட்டியபடியே இருந்தது. பட்டறைத் தரையில் மட்டும் புதுச் சீவல்கள் சுருள் சுருளாகக் கிடந்தன.

அந்த வாரமே சபையில் பாட்டு நடத்துகிற அம்மாள் ஒரு பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். பேரன் அந்தப் பெட்டி இருக்கிற அறைக்குள் போகவே மாட்டேன் என்கிறானாம். ராத்திரியில் அது மூச்சு விடுகிறது என்கிறானாம். பிள்ளைப் பேச்சுதான், ஆனாலும் இதை விசுவாசி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று அப்பாவிடம் தணிந்த குரலில் கேட்டார். அப்பா கைகூப்பி மன்னிப்புக் கேட்டு அனுப்பினார்.

சாயங்கால ஜெபம் முடிந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும், அந்தப் பெட்டிக்குள் கிடந்த நீளக்கால் மிருகத்தை அப்பா தட்டுகளுக்கு நடுவில் வைத்தார்.

"இது உன் கை வேலைதானே?"

"நான் செய்யலப்பா."

"அப்போ யாரு செஞ்சது?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா எட்டி அவள் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி, கத்தி பிடித்துக் காய்த்துப்போன இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். அவர் விரலிலும் புதிதாக ஒரு வெட்டுக்காயம் இருந்தது. நல்ல கை இது, இதை ஆண்டவருக்கு விட்டுக்கொடு என்றார். குரலில் அவ்வளவு பாசம் இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாதது. பொய்க்குப் பொய் சேர்க்கிறவளைத் தனியே விட்டால்தான் புத்தி வரும் என்று முடிவாயிற்று. மறுநாள் காலைச் சாப்பாடு ஆனதும் அவளைப் பலகை அடுக்கும் மர அறையில் விட்டு வெளியே தாழ் போட்டார். உள்ளே போகுமுன் தண்ணீர்ச் சொம்பை அவர்தான் எடுத்துக்கொடுத்தார்.

மர அறைக்கு ஜன்னல் கிடையாது. பலகைச் சுவரின் இடுக்குகளில் வெயில் கீற்றுக் கீற்றாக விழுந்து, அடுக்கி வைத்த பலகைகள்மேல் ஏறி இறங்கி மூலையில் போய் மங்கியது. பிசின் வாசனை, எலிப்புழுக்கை வாசனை, எங்கிருந்தோ கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கருகின முடியின் வாசனை. எலி ஓடுகிற சத்தத்தையும் வெயிலில் பலகை விரிந்து முறிகிற சத்தத்தையும் கேட்டபடி அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரியவள் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே பாடிக்கொண்டிருப்பாளாக இருக்கும். நினைத்துக்கொண்டே கண் அசந்துவிட்டாள்.

எழுப்பியது ஒரு சத்தம்.

சரக். சரக். நிதானமாக, நீளமாக மரத்தைச் சீவுகிற சத்தம். அச்சைப் பார்த்துச் சீவுகிறவன் கத்தி அவசரமாகப் போகும், கோட்டருகே தயங்கும். இந்தக் கத்தி எங்கேயும் தயங்கவில்லை. மரத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தே போனது. சத்தம் பின்பக்கச் சுவருக்கு அந்தப் புறமிருந்து வந்தது. அந்தப் புறம் அப்பாவின் ஜெப அறை. அவரைத் தவிர வேறு யாரும் அதற்குள் போனதில்லை.

இடுக்கில் கண்ணை வைத்தாள்.

அப்பா முழங்காலில் இருந்தார். பக்கவாட்டில் முகம் தெரிந்தது. கண் மூடியிருந்தது, உதடுகள் ஜெபத்தில் அசைந்தன. கன்னமெல்லாம் ஈரம். மடியில் அவர் கைகள் ஒரு மரக்கட்டையைச் சீவிக்கொண்டிருந்தன. அவர் அதைப் பார்க்கவே இல்லை. நீளக் கால், மடிப்பு முதுகு, பின்னால் மடியும் முட்டி எல்லாம் ஒவ்வொன்றாக அந்தக் கைகளுக்கு அடியிலிருந்து வெளியே வந்தன.

சின்னவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எரிக்கச் சொன்னவர். மழைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தவர். ஆனால் வந்தது வேறு. இந்த மனுஷனுக்கும் கை துறுதுறுத்திருக்கிறது, இத்தனை வருஷமும் அதை மூடி மூடி வைத்திருக்கிறார் என்ற பரிதாபம். அவரிடம் யாரும் ஒருதடவைகூட நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

"அப்பா," என்றாள் சுவரோடு வாய் வைத்து. "ரொம்ப அழகா இருக்குப்பா."

கத்தி நின்றது.

முகம் மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. கண் திறக்கவில்லை. மூடிய இமையோடு சரியாக அந்த இடுக்கை நோக்கித் திரும்பியது. உதடுகள் ஜெபத்தை நிறுத்தின.

"ஜோடி இல்லாம எப்படிம்மா ஏத்துறது?"

அப்போதுதான் அவருக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தாள். முதலில் கதவில் தொங்கும் அங்கி என்று நினைத்தாள். அங்கி இல்லை. ஆள் உயரம். வெறும் மரம். சுவரைப் பார்த்து நின்றது. முட்டிகள் பின்னால் மடிந்திருந்தன. முதுகின் மடிப்புகள் விரிந்தன. சுருங்கின. மறுபடி விரிந்தன.

தாழ் விலகியது.

கதவில் அம்மா நின்றாள். சின்னவள் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். போயிடலாம்மா, அக்கா வீட்டுக்குப் போயிடலாம் என்றாள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா முதுகைத் தட்டிக்கொடுத்தாள். தட்டிக்கொடுத்தபடியே அவளை உள்ளே நடத்தி, பலகை அடுக்கின்மேல் உட்காரவைத்தாள். அம்மாவின் கை தோளிலிருந்து எழவில்லை. அவ்வளவு பலம் அந்தக் கைக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அப்பாவும் வந்தார். காதில் பென்சில். கண் இன்னும் மூடியிருந்தது. அவள் காலடியில் மண்டியிட்டு, பாவாடையை முட்டிவரை மட்டும், கூச்சமாக, ஒழுங்காக மடித்துவிட்டார். விரலால் முட்டியைச் சுற்றித் தடவிப் பார்த்தார். பென்சிலை எடுத்தார்.

முட்டிக்குப் பின்னால் ஒரு கோடு. நேராக. குளிர்ந்து.

"அசையாம இரு தங்கம்," என்றாள் அம்மா. "அப்பாவுக்கு அளவு தப்பிடும்."

சின்னவள் கத்தப் பார்த்தாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. சுவருக்கு அந்தப் புறம் ஏதோ ஒன்று இடம் மாறி நின்றது. தரைப்பலகை முனகியது. இடுக்கில் விழுந்த வெளிச்சம் மறைந்தது. மறுபடி வந்தது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். இடுப்புத் துணியிலிருந்து உப்புத்தாளை எடுத்து, சின்னவளின் மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டாள். மெதுவாக, ஒரே பக்கமாக, தேய்த்தாள். வலிக்கவில்லை. ரத்தம் வரவில்லை. அம்மா குனிந்து, பிஞ்சுக் குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியை ஊதுவதுபோல, அந்த இடத்தை ஊதினாள்.

வெயில் கீற்றில் மஞ்சளாக மரத்தூள் எழும்பியது. சுழன்றது. மெல்ல மூவர் மேலும் இறங்கிப் படிந்தது.