டிக்கிக்குள் ஒரு திருத்தம்

"ஆ...ஆ...ஆ!"

நெகேசாவின் அலறலில் அந்த நைரோபி விளம்பரக் கம்பெனியே விறைத்துப் போனது.

படப்பிடிப்புக்காக வந்த புத்தம் புது ஜபாரி கார். திறந்த டிக்கி. உள்ளே முதிசோ... அவளுடைய முதலாளி!

கழுத்தில் கயிற்றின் தடம். கால்களில் வெறும் சாக்ஸ். ஷூக்கள் மட்டும் வெளியே, பின் டயரோரம், மசூதி வாசலில் விட்டது போல ஜோடியாக...

உடலை எடுத்துப் போன பிறகு இன்ஸ்பெக்டர் செரோனோ கேண்டீன் சுவர் முன் நின்றாள்.

அந்தச் சுவருக்குக் 'கல்லறை' என்று பெயர். கார் கம்பெனிக்காரர்கள் வேண்டாமென்று தள்ளிய விளம்பர ஐடியாக்களை அங்கே ஒட்டுவார்கள். ஒட்டுகிறவர் எல்லோருக்கும் டீயும், எண்ணெயில் பொரித்த மண்டாசி பன்னும் வாங்கித் தர வேண்டும். சாவுச் சாப்பாடு!

நேற்று வாங்கித் தந்தவள் நெகேசா.

அவள் வரைந்த படத்தில், டிக்கிக்குள் கோட்டும் ஷூவுமாக ஒரு முதலாளி குறட்டை விடுகிறார்!

"உன் ஐடியா. உன் முதலாளி. அச்சு அசலா அப்படியே கிடந்தார்" என்றாள் செரோனோ. "நேத்து 'உங்களையே டிக்கியில போட்டு மூடறேன்'னு கத்தினியாமே?"

"வாய்க்கொழுப்பு மேடம்! என் படத்துக்காக அவர் ஒரு வார்த்தை பேசலையேன்னு கோவம். அவர் சிரிச்சாரு. 'பொறும்மா, நம்ம செத்த ஐடியாவையெல்லாம் போட்டிக் கம்பெனிக்கு எவன் விக்கறான்னு கண்டுபிடிச்சுட்டேன்'னாரு..."

"எவனாம்?"

"சொல்லலையே..."

கைவிலங்கு வெளியே வந்தது.

ஆயுள் முழுக்க ஜெயிலா? வரைந்ததற்கா? கண்ணீரோடு நெகேசா தன் படத்தையே பார்த்தாள். பார்த்தவள் திடுக்கிட்டாள்!

"மேடம்! என் படத்துல ஷூ போட்டிருக்காரு. அதை யாரு கழட்டினது?"

"அதனால என்ன?"

"வாவேரு சாரைக் கூப்பிடுங்க. ஜபாரியோட விற்பனை மேனேஜர். தள்ளுற படத்துலகூட ஒரு திருத்தம் சொல்லலைன்னா அவருக்குச் சோறு இறங்காது. அவர்கிட்ட படம் காட்ட முதிசோ சார் தனியாத்தான் போவாரு. எங்களைக் கூட்டிட்டுப் போனதே இல்ல."

வாவேரு கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி வந்தார்.

"ஐயோ, முதிசோ என் தம்பி மாதிரி..."

"பாடியைப் பாத்தீங்களா?" என்றாள் செரோனோ.

"இல்லம்மா, இப்பத்தானே வர்றேன்."

"இந்தப் படத்தை?"

"ஞாபகமே இல்ல. தினமும் எத்தனையோ குப்பை வருது."

"எப்படி இருக்கு?"

கைக்குட்டை உள்ளே போனது. பேனா வெளியே வந்தது!

"சுமார்தான். ஆனா... என் கார் கார்ப்பெட்ல ஷூவா? ச்சே!"

படத்திலிருந்த ஷூவைக் கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் எழுதினார். 'டயரோரம் ஜோடியாக வைக்கவும்.'

செரோனோ தன் செல்போனை நீட்டினாள். போட்டோவில் டயர். டயரோரம் ஜோடி ஷூ.

பேனா கீழே விழுந்தது.

"அது... அன்னிக்கு முதிசோகிட்ட சொன்ன திருத்தம்..."

"ஞாபகமே இல்லன்னீங்களே! சொன்னது உங்களுக்கும் அவருக்கும்தான் தெரியும். அவர் செத்துட்டாரு."

வாவேரு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நான் ஐடியா வித்ததை வெளியே சொல்றேன்னான். என் மானமே போயிருக்கும்! இவ படம் மாதிரி கிடத்தினா பழி இவ தலையில விழும்னு..."

"ஷூவை ஏன்யா கழட்டினே?"

"டிக்கி அழுக்காயிடுமே!"

விலங்கு பூட்டிக்கொண்டது.

நெகேசா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைப் பொறுக்கி நீட்டினாள்.

"திருத்தம் பிரமாதம் சார்! கீழே 'ஓகே'ன்னு ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க... என் ஐடியாவை இப்பத்தான் முதல் தடவையா ஒருத்தர் உபயோகிச்சிருக்காரு!"