எங்கள் டெலிபோன் கம்பியில் ஒரு கடல்

"டமடமடம!"

இடி இடித்த வேகத்தில் அம்மா கையிலிருந்த முட்டை தரையில் விழுந்து உடைந்தது.

"ஆல்மா! என் ரொட்டித் தட்டைக் கீழே வைடி!"

"ஒரு நிமிஷம்மா! ஓட்டோ கண்டுபிடிக்கட்டும்!"

சுவரில் மாட்டியிருந்த டெலிபோன் பெட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி நின்றிருந்தேன். ஒரு கையில் தகரத் தட்டு, இன்னொரு கையில் ரிசீவர்.

"சொல்லு ஓட்டோ, இடியை எதுல பண்ணேன்?"

"தகரத் தட்டு! இதுகூடத் தெரியாதா? அடுத்தது!"

சல்லடையில் காய்ந்த பட்டாணியைக் கொட்டி, மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தேன். ஸ்ஸ்ஸ்... ஷ்ஷ்ஷ்...

ஓட்டோ மெதுவாகக் கேட்டான். "கடலா?"

"கடலேதான்!"

"அடியே ஆல்மா! கடலை எங்கேருந்து பிடிச்சே?"

நல்ல கேள்விதான். அமெரிக்காவின் நடுவில் இருக்கும் எங்கள் நெப்ராஸ்காவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சோளக்காடு. நானும் ஓட்டோவும் கடலைப் பார்த்ததே இல்லை. ரேடியோவில்தான் கேட்டிருக்கிறோம்.

அதிலும் ஒரே ஒரு நிகழ்ச்சியில். அதன் பெயர் 'புயல்முனை விளக்கு'. திங்கள் முதல் வெள்ளி வரை சாயங்காலம் ஐந்தேகாலுக்கு வரும். அந்த நேரம் பார்த்து ரேடியோ பேட்டரி படுத்துவிடக்கூடாதே என்று, அதற்கு மின்சாரம் ஏற்றும் எங்கள் கூரைமேல் காற்றாடியை நான் தினமும் கெஞ்சுவேன்.

கதை இதுதான். கப்பல்கள் வரும் நேரம் பார்த்து யாரோ ஒருவர் கலங்கரை விளக்கை அணைத்துவிடுகிறார். யார் அவர்? ஒற்றைக்கண் சமையல்காரரா? தபால்காரரா? டாக்டரா? விளக்குக் காவலரின் மைத்துனரா? விளக்கு அணைவதற்குச் சற்று முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னச் சத்தம் வரும். கிரிக்... கிரிக்... கிரிக்.

"அந்தச் சத்தம் என்னவென்று கண்டுபிடித்தால் ஆளையும் பிடித்துவிடலாம், குழந்தைகளே! வெள்ளிக்கிழமை விடை!" என்று அறிவிப்பாளர் எங்களைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தார்.

எங்கள் சாலையிலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் ரேடியோ. ஓட்டோவின் வீட்டில் கிடையாது. தினமும் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவான். ஆனால் அவனுக்கு உடம்பெல்லாம் சிவக்கும் தொற்றுக் காய்ச்சல் வந்துவிட்டது. சுகாதார அதிகாரி வந்து, வாசற்கதவில் சிவப்பு அட்டை ஒன்றை அடித்துவிட்டுப் போனார். அந்த அட்டை இருக்கும்வரை யாரும் உள்ளே போகவும் கூடாது, வெளியே வரவும் கூடாது.

அதற்காகக் கதையை விட்டுவிட முடியுமா? ரேடியோவைத் தூக்கி வந்து டெலிபோன் பெட்டிக்குக் கீழே வைத்தேன். ஓட்டோவின் அம்மா அவன் கட்டிலை அடுப்படிக்கு இழுத்துப்போட்டு, ரிசீவரை அவன் காதில் கொடுத்தார்கள். கடல் எங்கள் வீட்டு ரேடியோவிலிருந்து இறங்கி, வேலியோரக் கம்பி வழியாக ஓடி, ஓட்டோவின் தலையணைக்குப் போய்ச் சேர்ந்தது.

முதல் வாரம் பிரமாதமாகப் போயிற்று. இரண்டாம் வாரத்தில்தான் வந்தது வினை.

செவ்வாய்க்கிழமை ஓட்டோ சொன்னான். "ஆல்மா, சத்தம் குறைஞ்சிட்டே வருது."

புதன்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் குதித்துக்கொண்டே கேட்டேன். "கிரிக் சத்தம் கேட்டுச்சா? இன்னிக்கு ரெண்டு தடவை வந்துச்சு!"

"எந்தக் கிரிக்?" என்றான் ஓட்டோ. அப்புறம் விசும்பல் சத்தம் வந்தது. வைக்கோல் பரணிலிருந்து விழுந்து கை உடைந்தபோதுகூட அழாத ஓட்டோ!

மாட்டுக் கொட்டகைக்கு ஓடிப்போய் அப்பாவிடம் கேட்டேன்.

"இதுல என்ன அதிசயம்?" என்றார் அப்பா, பால் கறப்பதை நிறுத்தாமல். "இந்தச் சாலையில இருக்கற வீடெல்லாம் ஒரே கம்பியிலதானே தொங்குது? ஒருத்தர் ரிசீவரை எடுத்தா ஒரு கிண்ணம் சூப்பு. பத்துப் பேர் எடுத்தா, அதே சூப்பை ஆளுக்கு ஒரு கரண்டி. அவ்வளவுதான்."

"அப்போ எல்லாரும் ஒட்டுக் கேக்கறாங்களா!"

"சேச்சே! நம்ம சாலையில யாரும் ஒட்டுக் கேக்கறதே இல்லை," என்று அப்பா கண்ணடித்தார். "உங்க அம்மாவைக் கேட்டுப் பாரு."

எங்கள் சாலையின் வழக்கம் அது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மணி உண்டு. எங்களுக்கு நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று. ஆனால் யார் வீட்டுக்கு மணி அடித்தாலும் எல்லா வீட்டிலும் ரிசீவர் பூனை மாதிரி மெதுவாக மேலே எழும். கேட்கலாம். ஆனால் மூச்சுவிடக் கூடாது. கேட்டேன் என்று எந்தக் காலத்திலும் ஒத்துக்கொள்ளக் கூடாது. ஒட்டுக் கேட்பது அசிங்கம் என்று அம்மா என்னிடம் நூறு முறை சொல்லியிருக்கிறாள். பக்கத்துப் பண்ணை வோகல் அம்மாவின் தங்கைக்கு யாரோடு கல்யாணம் என்பதை ஊரில் முதல் ஆளாகச் சொன்னவளும் அவள்தான்.

இந்த வழக்கத்தை மீறியவர் ஒரே ஒருவர். மிஸ்டர் பெக். சாலைக் கோடியில் பன்றிகளோடு தனியாக இருப்பவர். திங்கட்கிழமை நிகழ்ச்சிக்கு நடுவிலேயே கம்பியில் கத்தினார்.

"இந்தக் கம்பியைப் பன்னி விக்கறதுக்கும் கால்நடை டாக்டரைக் கூப்பிடறதுக்கும் போட்டாங்க! உங்க கடல் கூத்துக்கு இல்லை!"

"அப்போ நீங்களும் கேட்டுக்கிட்டுதான் இருந்தீங்களா மிஸ்டர் பெக்?" என்று கேட்டேன்.

க்ளிக்!

வியாழக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் ஓட்டோவின் குரல் கொசு பேசுவது போல வந்தது. "நாளைக்குக் கடைசி, ஆல்மா. எனக்கு ஒண்ணுமே கேக்காது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாராவது கேட்டுக்கிட்டிருந்தா தயவுசெஞ்சு வெச்சிடுங்க!" என்றேன்.

யாரும் வைக்கவில்லை. எப்படி வைப்பார்கள்? வைத்தால் க்ளிக் என்று கேட்குமே! மாட்டிக்கொள்வார்களே!

சரி, என்று கண்ணை மூடிக்கொண்டேன். இத்தனை நாள் ரேடியோச் சத்தங்களை நோண்டி நோண்டிப் பழகிய காது. கம்பிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

குக்கூ! அது வோகல் அம்மா வீட்டுக் கடிகாரம். எப்போதும் தாமதமாகத்தான் கூவும். கீச்கீச்! சோரன்சன் அம்மாவின் மஞ்சள் குருவி. தப்... தப்... நோவாக் அக்கா வீட்டில் வெண்ணெய் கடையும் சத்தம். கடைசியில், கீஈஈச்... கீஈஈச்... முன்னும் பின்னும் சாய்ந்தாடும் ஆடு நாற்காலி ஒன்று. எண்ணெய் காணாத அந்த நாற்காலி எங்கள் சாலையில் மிஸ்டர் பெக் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது!

'வோகல் அம்மா, உங்க குக்கூ நல்லா கூவுது' என்று ஒரு போடு போட நாக்கு துடித்தது. எல்லோருடைய மானத்தையும் வரிசையாக வாங்கியிருப்பேன்.

அப்போது தப் தப் சத்தம் நின்றது. நோவாக் அக்கா கடைவதைக்கூட நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்! கைக்குழந்தையோடு குளிர்காலம் முழுக்க வீட்டிலேயே அடைந்து கிடந்தவர்கள். அவர்கள் கதவில் சிவப்பு அட்டை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். விளக்கை அணைப்பது யார் என்று ஓட்டோவுக்கு எவ்வளவு தெரியவேண்டுமோ, அவர்களுக்கும் அவ்வளவு தெரியவேண்டும். என் கோபம் புஸ்ஸென்று இறங்கிப்போனது.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஓட்டோ, உனக்கு மட்டும் ஒரு ரகசியம் சொல்றேன்," என்று ஊருக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். "நாளைக்கு எங்க வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். அம்மா டோனட் சுடப்போறாங்க. தற்செயலா யாராவது அந்தப் பக்கம் வந்தா, ரேடியோ பக்கத்துலயே உக்காந்து ஜோரா கேக்கலாம். வந்தவங்களை ஏன் வந்தீங்கன்னு யாரும் கேக்கமாட்டோம். எல்லாரும் இங்கே வந்துட்டா, கம்பி முழுசும் உனக்குத்தான்."

கம்பியில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

திரும்பினால், அம்மா இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். "டோனட் சுடப்போறேனா? யாருக்கு? எத்தனை?"

"நிறையம்மா," என்றேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் சாலையிலிருந்த மாடுகளுக்கெல்லாம் ஒரே குழப்பம். எல்லா வீட்டிலும் சீக்கிரமே பால் கறந்துவிட்டார்கள்.

முதலில் வந்தது வோகல் அம்மா. "கொஞ்சம் சர்க்கரை கேக்கலாம்னு வந்தேன்," என்றார்கள்.

"சர்க்கரை கேக்க வந்தவங்க கையில எதுக்கு நாற்கா..." என்று ஆரம்பித்த அப்பாவின் காலை அம்மா நறுக்கென்று மிதித்தாள்.

அடுத்து சோரன்சன் அம்மா, மூன்று பிள்ளைகள், ஒரு பெஞ்சு. "உங்க பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்க வந்தோம்." அது எங்கள் பாத்திரமே இல்லை. நோவாக் அக்கா குழந்தையை இடுக்கிக்கொண்டு, பிளம்ஸ் ஜாம் வைத்த ரொட்டிகளோடு வந்து நின்றார்கள். "சும்மா இந்தப் பக்கமா நடந்து வந்தேன்," என்றார்கள். இடுப்பளவு பனியில்!

வீடு நிறைந்துவிட்டது. ஐந்தேகால் ஆகப் போகிறது. ஸ்டூலில் ஏறி ரிசீவரை எடுத்தேன்.

"ஓட்டோ! கேக்குதா?"

"கேக்குதாவா? என் காதுக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்குது!" என்று கத்தினான் ஓட்டோ. எனக்கு ஸ்டூலிலேயே குதிக்கவேண்டும் போலிருந்தது.

உடனே குரலைத் தாழ்த்திச் சொன்னான். "ஆனா ஆல்மா, கீச்சு கீச்சுன்னு ஏதோ ஒண்ணு..."

ஆமாம். கீஈஈச்... கீஈஈச்...

ஒரே ஒருத்தர் கூடுதலாகக் கேட்டால் சூப்பு ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடாது. ஆனால் அந்தக் கீச்சில் கிரிக் சத்தம் அமுங்கிப்போகுமே! என்ன செய்வது? வைக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எல்லோரும் எங்கள் வீட்டில் டோனட் தின்கிறார்கள், மிஸ்டர் பெக் ஒருவர் மட்டும் அங்கே தனியாக.

"ஓட்டோ," என்றேன் சத்தமாக. "இங்கே எங்க வீட்டுல ஆடு நாற்காலியில உக்காந்திருக்கறவங்ககிட்டே ஆடாம உக்காருங்கன்னு சொல்லிட்டேன். ஆடாம உக்காந்து எவ்வளவு நேரம் வேணாலும் கேக்கலாம்."

கீச் நின்றது.

அவ்வளவுதான், கடல் பொங்கி வந்தது! அலை, காற்று, மூடுபனியில் அலறும் சங்கு. கலங்கரை விளக்கத்தின் படிகளில் யாரோ ஏறுகிறார்கள். டக்... டக்... டக்... விளக்குக் காவலர் இருட்டில் ஒளிந்திருக்கிறார். தூரத்தில் ஒரு கப்பல் வருகிறது. அதில் அவருடைய மகள் இருக்கிறாள்! நோவாக் அக்காவின் குழந்தைகூட மூச்சுவிடவில்லை.

கிரிக்... கிரிக்... கிரிக்.

"கேட்டுச்சு!" ஓட்டோவின் கிசுகிசுப்பு. "ஆல்மா, எனக்குக் கேட்டுச்சு!"

காவலர் தீக்குச்சியைக் கிழித்தார். "அட! நீங்களா?" என்றார். யார் என்று சொல்வதற்குள்...

"டாக்டர்!"

ரிசீவர் என் காதைப் பிய்த்தது. சட்டென்று தள்ளிப் பிடித்தேன். அந்தக் குரல் எங்கள் வீடு முழுக்கக் கேட்டது.

"டாக்டர்தான்! கைக்கடியாரத்துக்குச் சாவி குடுக்கறான் பாருங்க! நாடி பாக்கறப்பல்லாம் குடுப்பானே, அதே சத்தம்! நான் திங்கக்கிழமையே சொன்னேன்!"

எங்கள் வீட்டில் ஒருவரும் அசையவில்லை. ரேடியோவில் காவலர் சொன்னார்: "டாக்டர், கையைத் தூக்குங்கள்!"

வீடே அதிர்ந்தது. சோரன்சன் பிள்ளைகள் பெஞ்சைக் கவிழ்த்துக்கொண்டு குதித்தார்கள். வோகல் அம்மா என் அப்பாவைக் கட்டிப்பிடித்துவிட்டார்கள். அதே ஆரவாரத்தில் ரிசீவரைக் காதில் வைத்தேன்.

"டாக்டருங்களை நம்பவே கூடாதுன்னு எனக்குத் தெரியும்," என்று ஓட்டோ சொல்லிக்கொண்டிருந்தான். பாவம், கசப்பு மருந்து குடிப்பவன். "ஆமா, திங்கக்கிழமையே யார்கிட்ட சொன்னீங்க மிஸ்டர் பெக்?"

கீஈஈச்... என்று நாற்காலி ஒரு தடவை ஆடியது.

"பன்னிகிட்ட," என்றது கம்பி.

க்ளிக்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சந்தோஷம் பாதி. பேச்சுத்துணைக்கு அவருக்கு இருந்த அந்தப் பன்றிகள் மீதி. மறுநாள் காலையில் எழுந்ததும் டெலிபோனின் கைப்பிடியைச் சுற்றி, மிஸ்டர் பெக் வீட்டு மணியை அடித்தேன்.

"என்ன?" என்று உறுமினார்.

"திங்கக்கிழமை புதுத் தொடர் ஆரம்பிக்குது மிஸ்டர் பெக். பாலைவனத்துல ஒரு புதையல். எங்க வீட்டுல சர்க்கரையும் நிறைய இருக்கு."

க்ளிக்!

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். ரிசீவரில் ஓட்டோ, பாலைவன மணலை எதில் செய்வார்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்த் திறந்தேன்.

மிஸ்டர் பெக் நின்றிருந்தார். தலையைப் படிய வாரி, தாடியைக்கூட மழித்திருந்தார். முதுகில் ஆடு நாற்காலி.

"சர்க்கரை தீந்துபோச்சு," என்றார் என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு. பிறகு குனிந்து என் காதருகே சொன்னார். "நாற்காலிக்கு எண்ணெய் போட்டுட்டேன்."